டென்னிஸ் பால் மெஷின்: 32,000-க்கு பார்ட்ஸ் மாத்துறதா, 1,85,000-க்கு புதுசு வாங்குறதா?

போன வீடியோவுல "ரிப்பேரா, புதுசா?"ன்னு பேசும்போது ஸ்கூட்டரையும் லேப்டாப்பையும் உதாரணமா எடுத்துக்கிட்டேன். மூணாவதா ஒரு உதாரணம் கையில இருந்துச்சு. அதுல கணக்கு கொஞ்சம் நீளம், வீடியோவுக்குள்ள அடங்கல. அதைத்தான் இங்க எழுதுறேன். மெஷின் உங்களுக்குப் புதுசா இருக்கலாம், கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

பாண்டிச்சேரில என்கிட்ட வருமான வரி ஃபைல் பண்ற ஒரு தம்பி. வயசு 27. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மென்ட், சம்பளம் 34,000. கான்ட்ராக்ட் வேலை, வர்ற மார்ச்சோட முடியுது. புதுப்பிப்பாங்களா மாட்டாங்களான்னு மார்ச்லதான் தெரியும். எமர்ஜென்சி ஃபண்டுன்னு மூணு வருஷமா சேர்த்தது 1,20,000. (யாருன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காக சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

சனி, ஞாயிறு காலையில எட்டு பசங்களுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறார். மாசம் 14,000 வருது. அதுக்கு ஆதாரமே நாலு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல 70,000 குடுத்து வாங்கின ஒரு பால் மெஷின். மெஷின் பந்து போடும், இவர் பையன் பக்கத்துல நின்னு கையையும் காலையும் திருத்துவார். மெஷின் இல்லன்னா இவரே எதிர்ப்பக்கம் நின்னு பந்து போடணும். அப்போ எட்டுப் பேரைப் பார்க்க முடியாது, நாலு பேர்தான்.

அந்த மெஷின் இப்போ மக்கர். பந்து பாதியிலயே விழுது, சில பந்து இடது பக்கம் வளையுது, முக்கால் மணி நேரத்துல பேட்டரி படுத்துடுது. விக்கிறவர்கிட்ட கேட்டா ரெண்டு கொட்டேஷன் குடுத்தார். எல்லா பார்ட்ஸும் மாத்த 74,000. புது மெஷின் 1,85,000, பழசை 15,000-க்கு எடுத்துக்குவார், மீதி 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ. மாசம் 14,167. கூடவே ஒரு வசனம்: "கோச்சிங்ல மாசம் 14,000 வருதுல்ல சார், அதுவே கட்டிடும்."

இந்த வசனத்தை நான் வேற வேற கடைகள்ல, வேற வேற பொருளுக்குக் கேட்டிருக்கேன். முதல்ல இதைப் பிரிச்சுப் பார்த்துடுவோம்.

14,000 என்பது 14,000 இல்ல

கோர்ட் வாடகை மாசம் 4,000 போகுது. மெஷினோட தேய்மானத்துக்கு மாசம் 1,500 போகுது (எப்படின்னு கீழ சொல்றேன்). கையில நிக்கிறது 8,500. இஎம்ஐ 14,167. அப்போ மாசாமாசம் 5,667 ரூபா சம்பளத்துல இருந்து எடுக்கணும். கான்ட்ராக்ட் மார்ச்ல முடியுற ஒருத்தருக்கு, ஏப்ரல்ல சம்பளம் இருக்கான்னே தெரியாத ஒருத்தருக்கு இது எவ்வளவு பெரிய ரிஸ்க்!

நோ-காஸ்ட் இஎம்ஐல வட்டி இல்லன்னு நினைக்காதீங்க. பேங்க் வட்டி போடும், அந்த அளவு தொகையை விக்கிறவர் விலையில தள்ளுபடியா காட்டுவார். மொத்தமா பணம் கட்டுறவரா இருந்தா, பேரம் பேசி அந்தத் தள்ளுபடியை நீங்களே வாங்கியிருக்கலாம். கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும், பிராசஸிங் ஃபீஸும் தனி.

உண்மையிலேயே எது தேஞ்சிருக்கு?

தமிழ்ல ஒரு வசதி இருக்கு. எங்க ஆடிட்டர் பாஷையிலயும் தேய்மானம்தான், மெக்கானிக் பாஷையிலயும் தேய்மானம்தான். ஆனா நான் புக்ல எழுதுற தேய்மானம் முழு மெஷினுக்கும் ஒரே சதவீதம். நிஜத் தேய்மானம் அப்படி நடக்காது. ஒரே மெஷினுக்குள்ள சில பாகம் ஒரு வருஷத்துல போகும், சிலது பத்து வருஷம் ஆனாலும் அசையாது. 74,000 கொட்டேஷன்ல இருந்த பிரச்னையே, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டியிருந்ததுதான்: சக்கரம் ஜோடி 24,000, ரெண்டு மோட்டார் 28,000, பேட்டரி 9,500, சார்ஜர் 6,500, சர்வீஸ் 6,000.

மெஷின் உள்ள பெருசா ஒண்ணும் ரகசியம் இல்ல. ரெண்டு சக்கரம் எதிரெதிர் திசையில சுத்தும், நடுவுல பந்து மாட்டி வெளிய பாயும். சக்கரங்களுக்கு இடையில இருக்கிற சந்து பந்தைவிட சின்னதா இருக்கும், அந்தப் பிடியிலதான் வேகம் கிடைக்குது. டென்னிஸ் பந்தோட விட்டம் விதிப்படி 6.54-ல இருந்து 6.86 சென்டிமீட்டர். ஒவ்வொரு சக்கரமும் ரெண்டு மில்லிமீட்டர் தேஞ்சா போதும், சந்து நாலு மில்லிமீட்டர் அகலமாயிடும். பிடி தளரும், பந்து வழுக்கும், பாதியில விழும். பக்கத்துக்கு ஒண்ணா சக்கரம் வெச்ச மாடல்ல ஒண்ணு மட்டும் அதிகமா தேஞ்சா, அந்தப் பக்கம் விளிம்பு வேகம் குறையும். பந்து வளைஞ்சு போறதுக்கு அது ஒரு காரணம். அதனாலதான் சக்கரத்தை ஜோடியாத்தான் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தி 12,000 மிச்சம் பிடிக்கலாம்னு தம்பி கேட்டார், வேண்டாம்னுட்டேன்.

ஆனா பந்து வழுக்குறதெல்லாம் சக்கரத் தேய்மானமும் இல்ல. பந்தோட பஞ்சு படிஞ்சு மேற்பரப்பு பளபளன்னு ஆகியிருக்கலாம். ஈரப் பந்தும் வழுக்கும். பீச் ரோடு பக்கம் விடியக்காலையில ஆடுறவங்களுக்கு இது தெரியும், பனி ஈரம் போறதுக்குள்ள மெஷினை ஓட்டினா பந்து எங்க போகும்னே சொல்ல முடியாது. முதல்ல சுத்தம் பண்ணி, காஞ்ச பந்துல ஓட்டிப் பார்க்கணும். தம்பி அதையும் பண்ணிட்டார். சுத்தம் பண்ணியும் வழுக்குச்சு, வெர்னியர் வெச்சு அளந்தா தேய்மானம் தெரிஞ்சுது. சக்கரம் போச்சு, அதுல சந்தேகம் இல்ல. 24,000 செலவு நியாயம்.

மோட்டார் கதை வேற. இந்த வகை மெஷின்கள்ல பெரும்பாலும் கார்பன் பிரஷ் வெச்ச டிசி மோட்டார். தேயுறது கார்பன்தான், தேயுறதுக்குன்னே வெச்ச பாகம் அது. காயில் கருகாம இருந்தா மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டியதே இல்ல. மோட்டார் காயில் கட்டுற கடையில காட்டினார். ரெண்டுக்கும் கார்பன், பேரிங் எல்லாம் சேர்த்து, கூலியோட 2,600. பேரிங் மேலயே நம்பர் அச்சடிச்சிருக்கும், அதைச் சொன்னா எந்த பேரிங் கடையிலயும் கிடைக்கும். அதுக்குப் போய் மெஷின் கம்பெனி பேர் போட்ட டப்பாவுக்குக் காசு குடுக்க வேண்டாம்.

பேட்டரி போயிருந்தது நிஜம். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை ஃபுல் சார்ஜ் பண்ணி சில மணி நேரம் சும்மா வெச்சு அளந்தா 12.7 வோல்ட் பக்கம் காட்டணும். மெஷினை ஓட்டும்போது சீக்கிரமே 10.5-க்கு இறங்கினா அது முடிஞ்சுது. இவரோடது பத்து நிமிஷத்துல இறங்கிடுச்சு. ஆனா அதே அளவு, அதே ஆம்பியர்-ஹவர், அதே டெர்மினல் உள்ள பேட்டரி பாண்டிலயே 4,200-க்கு கிடைச்சுது. 9,500 இல்ல. சார்ஜரை மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்ததுல சரியாவே வேலை செய்யுது. அதுக்கு 6,500 எதுக்கு?

போக்குவரத்து, சில்லறை சாமான் 1,200. ஆக 24,000 + 4,200 + 2,600 + 1,200 = 32,000.

விக்கிறவரை நான் குத்தம் சொல்லல. எல்லாத்தையும் மாத்திட்டா திரும்ப கம்ப்ளெய்ன்ட் வராது, அவருக்கு அது நிம்மதி. அந்த நிம்மதிக்கு 42,000 யார் குடுக்கிறதுங்கறதுதான் கேள்வி.

பழசை மறந்துட்டு கணக்கு போடுங்க

"ஏற்கனவே 70,000 போட்டிருக்கேன் சார், விட மனசு வரல." இது தம்பி. "நாலு வருஷம் உழைச்சிடுச்சு, போதும், புதுசு வாங்கு." இது அவரோட அண்ணன். ரெண்டு பேரும் பின்னாடி திரும்பிப் பார்த்துப் பேசுறாங்க. போட்ட 70,000 ரிப்பேர் பண்ணினாலும் வராது, புதுசு வாங்கினாலும் வராது. இன்னைக்கு கேள்வி ஒண்ணே ஒண்ணு: அடுத்த மூணு வருஷம் பந்து போட எனக்கு எவ்வளவு செலவாகும்?

பழசை ரிப்பேர் பண்ணினா இப்போ 32,000. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு பேட்டரி, இன்னொரு செட் கார்பன், பேரிங், சேர்த்து 6,800. மொத்தம் 38,800. மூணு வருஷம் கழிச்சு மெஷினுக்கு ஒரு ரூபா கூட கிடைக்காதுன்னே வெச்சுக்குவோம். மாசத்துக்கு சுமார் 1,078.

புதுசுன்னா 1,85,000. பழசுக்கு 15,000 வரும். மூணு வருஷம் கழிச்சு புதுசை வித்தா 90,000 கிடைக்கும்னு தாராளமாவே போடுறேன். நடுவுல ஒரு பேட்டரி 4,200. நிகரச் செலவு 84,200, மாசத்துக்கு சுமார் 2,339.

வித்தியாசம் மூணு வருஷத்துல 45,400. இதுல இன்னும் முக்கியமானது, ரிப்பேர்னா எமர்ஜென்சி ஃபண்டுல 88,000 மிச்சம் இருக்கும். புதுசுன்னா ஃபண்டு அப்படியே இருக்கிற மாதிரி தெரியும், ஆனா பக்கத்துலயே 1,70,000 கடன் உட்கார்ந்திருக்கும்.

அப்போ புதுசு வாங்குறது எப்பவுமே தப்பா? இல்ல. ரெண்டு விஷயம் இருந்தா நானே புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன். ஒண்ணு, உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு. சக்கரம், கார்பன், பேட்டரி எல்லாம் தேயுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தேயும். போர்டு சொல்லாமப் போகும். அந்த மாடலுக்கு போர்டு இன்னும் விக்கிறாங்களான்னு 24,000 செலவு பண்றதுக்கு முன்னாடி கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்கச் சொன்னேன். "கிடைக்கும்"னு பதில் வந்த பிறகுதான் சக்கரம் ஆர்டர் பண்ணினார். "நிறுத்திட்டோம்"னு வந்திருந்தா என் கணக்கே வேற. இன்னொண்ணு துரு. நம்ம ஊர் உப்புக்காத்து சும்மா விடாது. உள் பிரேம் துருப்பிடிச்சு உளுத்துப் போயிருந்தா, அதுமேல புது சக்கரம் மாட்டுறது வீண்.

சக்கரம் வெளிநாட்டுல இருந்து வரணும். "அமெரிக்காவுல ஃப்ரெண்டு இருக்கான், கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டார். 5,000 ரூபா வரைக்கும் கிஃப்டுக்கு வரி இல்லாம இருந்த சலுகை 2019 டிசம்பர்லயே போச்சு. ராக்கி, உயிர்காக்கும் மருந்து மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அதனால வெப்சைட்ல தெரியுற விலையைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. கூரியர், கஸ்டம்ஸ், ஐஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வீட்டு வாசல் விலை என்னன்னு பாருங்க. இவரோட 24,000 அப்படி வந்த விலைதான்.

மாசம் 1,500 எங்க போகுது?

சக்கரம் 24,000, நாலு வருஷம் வரும்னா மாசம் 500. பேட்டரி 4,200, ரெண்டு வருஷம், மாசம் 175. கார்பன், பேரிங் 2,600, ரெண்டு வருஷம், மாசம் 108. இதெல்லாம் சேர்ந்தே 783தான். மீதி?

பந்து! 72 பந்து, ஒண்ணு 120 ரூபா, வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். 8,640, மாசம் 720. மெஷின்லயே அதிகமா தேயுற பாகம் எதுன்னு கேட்டா யாரும் பந்தைச் சொல்ல மாட்டாங்க. அது மெஷினோட ஒட்டி இல்லாததால கண்ணுக்கே படறதில்ல. பிரிண்டர் வாங்கினவங்க மை விலையைப் பார்த்து முழிக்கிறது மாதிரிதான். மெஷினுக்குக் காத்தடைச்ச சாதா பந்தைவிட பிரஷர்லெஸ் பந்து லாபம், துள்ளல் சீக்கிரம் குறையாது. மேல் பஞ்சு மட்டும் தேயும்.

ஆக மாசம் 1,503, சுமாரா 1,500. இதுக்குன்னு பேங்க்ல 12 மாச ஆர்டி ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். ஃபீஸ் வந்த அன்னைக்கே போயிடணும். எமர்ஜென்சி ஃபண்டு வேலை போனா, உடம்பு சரியில்லன்னா எடுக்கிறதுக்கு. பேட்டரி ரெண்டு வருஷத்துல போகும்னு தெரிஞ்ச விஷயம் எமர்ஜென்சியே இல்ல. உங்க ஸ்கூட்டர் டயருக்கும் இதே கதைதான்.

அந்த ரெண்டு வருஷத்தை மூணாக்கவும் வழி இருக்கு. லெட்-ஆசிட் பேட்டரிக்கு ரெண்டு எதிரி. சார்ஜ் இறங்கின நிலையிலயே வாரக்கணக்கா போட்டு வைக்கிறது ஒண்ணு, சூடு இன்னொண்ணு. வெப்பநிலை எட்டு, பத்து டிகிரி கூடினா ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு பேட்டரி தொழில்ல ஒரு கணக்கு சொல்வாங்க. அக்னி நட்சத்திரத்துல கார் டிக்கிக்குள்ள மெஷினைப் பூட்டி வைக்கிறவங்க கவனிங்க. ஆடி முடிச்ச அன்னைக்கே சார்ஜ் போட்டு, வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க. இதுக்குக் காசு ஒண்ணும் இல்ல.

ஒரு சின்ன கிளைக்கதை. பால் மெஷினுக்கும் பிரான்ஸுக்கும் பழைய உறவு உண்டு. சட்டையில முதலை போட்ட பிராண்டுக்குப் பேர் குடுத்த ரெனே லகோஸ்த், 1925-ல விம்பிள்டன் ஜெயிச்சவர், 1920-கள்லயே தன் பயிற்சிக்காக கையால சுத்துற ஒரு பால் மெஷினை உருவாக்கினார். அதுல பேட்டரி பிரச்னையே இல்ல பாருங்க. நம்ம ஊர்லயும் டென்னிஸ் புதுசு இல்ல. கடற்கரையை ஒட்டின ஆசிரமத்து டென்னிஸ் கிரவுண்டுல அன்னை தன்னோட 70 வயசு தாண்டியும் ஆடினது இங்க நிறைய பேருக்குத் தெரியும்.

"வரியில கழிச்சுக்கலாம்"னு சொல்வாங்களே?

இதுக்காகத்தான் தம்பி என்கிட்டயே வந்தார். "புதுசு வாங்கினா டிப்ரிசியேஷன் கிடைக்கும்னு சொல்றாங்க சார்."

கிடைக்கும். மெஷினரிக்கு 15 சதவீதம். அந்த வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா பாதி, 7.5 சதவீதம். 1,85,000-க்கு முழு வருஷத்துல 27,750. ஆனா இது வருமானத்துல குறையுற தொகை, வரியில குறையுற தொகை இல்ல. 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்கே மிச்சமாகுறது 5,550, செஸ் சேர்த்தா இன்னும் கொஞ்சம். இந்தத் தம்பிக்கு? சம்பளம் வருஷத்துக்கு 4,08,000, கோச்சிங்ல நிக்கிறது சுமார் 1,02,000. புது வரி முறையில 2025-26 நிதியாண்டுல இருந்து 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கு. இவருக்கு வரியே பூஜ்யம். பூஜ்யத்துல எதைக் கழிச்சாலும் பூஜ்யம்தான். வரியை மிச்சம் பிடிக்க செலவு பண்ணச் சொல்றவங்ககிட்ட முதல்ல "நான் எவ்வளவு வரி கட்டுறேன்?"னு கேளுங்க.

வரி கட்டுற அளவு வருமானம் இருக்கிறவங்களுக்கு, பார்ட்ஸ் மாத்துறதுக்கும் மெஷினையே மாத்துறதுக்கும் சட்டத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. 1961 வருமான வரிச் சட்டத்தோட 31-ஆம் பிரிவுல "நடப்பு ரிப்பேர்" செலவை அந்த வருஷமே முழுசா கழிக்கலாம். (2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025-ஆம் வருஷத்து புதுச் சட்டம், பிரிவு நம்பர் மாறும்.) எது நடப்பு ரிப்பேர்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன ரெண்டு முக்கியமான தீர்ப்புமே தமிழ்நாட்டு நூல் மில்லுங்களோட கேஸ்தான். மகாலட்சுமி டெக்ஸ்டைல் மில்ஸ் கேஸ்ல, 1967-ல, பழைய மெஷினை வெச்சுக்கிட்டே தேஞ்ச பாகங்களை எடுத்துட்டு ரோலரு, ரப்பர் ஏப்ரன்னு புது அமைப்பைப் பொருத்தினாங்க. அது ரிப்பேர்தான்னு தீர்ப்பு. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் கேஸ்ல, 2007-ல, ரிங் ஃபிரேமையே மாத்தினாங்க. முழு மில்லும் ஒரே மெஷின், ரிங் ஃபிரேம் அதுல ஒரு பாகம்னு மில் வாதாடுச்சு. கோர்ட் ஒத்துக்கல. ரிங் ஃபிரேம் தனியா ஒரு மெஷின், அதை மாத்துறது நடப்பு ரிப்பேர் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. இருக்கிற சொத்தைக் காப்பாத்துறதா, புது சொத்தைக் கொண்டு வர்றதா, அதுதான் சோதனை. ரோலரும் ரப்பர் ஏப்ரனும் மாத்தின மில்லு மாதிரிதான் நம்ம ரப்பர் சக்கரமும்.

சில நடைமுறை விஷயம். கோச்சிங் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. உத்தேச வருமான முறையில, அதாவது 44ஏடி-ல போறவங்க ரிப்பேர் செலவைத் தனியா கழிக்க முடியாது, அதெல்லாம் அந்த சதவீதத்துக்குள்ளயே அடங்கிடும். மெஷினை நீங்க சொந்தமா ஆடவும் உபயோகிச்சா, அந்தப் பங்கைக் கழிச்சுட்டு மீதிதான் செலவு. வெறும் பொழுதுபோக்குக்கு வெச்சிருக்கிற மெஷினுக்கு ஒண்ணும் கிடையாது.

பில் உங்க பேர்லயே வாங்குங்க. "மெஷின் ஓவர்ஹால் - 32,000"ன்னு ஒரே வரியில எழுதின பில்லைத் திருப்பிக் குடுத்துடுங்க. சக்கரம், கார்பன், பேரிங், பேட்டரி, கூலின்னு தனித்தனியா வேணும். பேட்டரிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, பில்லுல எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க. பழைய பேட்டரியைக் குப்பையில போடாதீங்க. உள்ள இருக்கிற ஈயத்துக்கு விலை உண்டு, எடைக்கு எடுத்துக்குவாங்க. தம்பிக்கு அதுல 450 ரூபா கிடைச்சுது, அதையும் கணக்குல வரவா எழுதியாச்சு.